வெள்ளை என்றால் காலி

அக்காவின் வீட்டில், நீளச் சோபாவுக்கு நேர் மேலே சுவரில் ஓர் ஆணி இருந்தது. முப்பது வருடமாக இருந்தது. அதில் யாரும் எதையும் மாட்டியதில்லை. சுற்றிலும் சுவர் கொள்ளாத படங்கள். பிள்ளைகளில் பெரியவள் தவழ்ந்தது, சின்னவனுக்குப் பல் விழுந்தது, இருவரும் பட்டம் வாங்கியது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதுகூட அங்கே உண்டு. நட்டநடுவில் அந்த ஆணி மட்டும் மொட்டையாக நிற்கும். விவரம் தெரியாத யாராவது ஒரு காலண்டரைக் கொண்டுபோய் மாட்டப் பார்த்தால் அக்கா கையைத் தட்டிவிடுவாள்.

"அது எங்க ரெண்டு பேருக்கும் வச்சது. படம் வர்றப்ப வரட்டும்."

படம் வந்தபாடில்லை. காரணம் அத்தான். கடிகாரம் பழுது பார்ப்பவர். கேமரா என்றால் உயிரை விடுவார். ஆனால் அதன் பின்பக்கம்தான் அவருக்கு ஆகும், முன்பக்கம் ஆகவே ஆகாது. யாராவது அவரை நோக்கிக் கேமராவைத் தூக்கினால் போதும், மனிதருக்கு மூக்கு அரிக்கும், கண் சுருங்கும், பெரிதாக ஒரு தும்மல் வரும். கல்யாணத்தன்று எடுத்த ஒரே படத்தில் அக்கா பூவாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் ஒரு கைக்குட்டை நிற்கிறது. கைக்குட்டைக்குப் பின்னால் அத்தான் இருப்பதாகக் கேள்வி.

"நான் கட்டிக்கிட்டது கைக்குட்டையைத்தான்" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்தபின் ஒரு கணம் ஆணியைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைக் கவனித்தவள் ஒரே ஒருத்திதான்: அவளுடைய தங்கை.

தங்கையின் பெயர் ஊருக்கே பட்டன். ஐந்து வயதில் அப்பாவின் சட்டைப் பட்டனை விழுங்கிவிட்டாள். அது வெளியே வரும்வரை வீடே இரண்டு நாள் வேலை வெட்டியை விட்டுக் காத்திருந்தது. பட்டன் வந்துவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது ஐம்பத்திரண்டு வயது, சொந்தமாகத் தையல் கடை, மூக்கில் கண்ணாடி, கழுத்தில் அளவுநாடா. ஆனாலும் அவள் பட்டன்தான்.

அவளைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். அவளிடம் கறுப்புக் கைப்பிடி போட்ட பெரிய கத்தரிக்கோல் ஒன்று இருந்தது. அது துணிக்கு மட்டும்தான். காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும் என்று அதை யாரையும் தொட விடமாட்டாள். ஒருமுறை அக்கா அவசரத்துக்கு அதில் ஒரு கடித உறையைப் பிரித்துவிட்டாள். கூடப்பிறந்தவள் என்றும் பார்க்காமல் பட்டன் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசிய முதல் வார்த்தை, "முனையைப் பாரு, உன்னாலதான்."

அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாணமாகி முப்பது வருடம் நிறைய ஒரு மாதம் இருந்தபோது, பட்டன் அக்கா வீட்டு ஆல்பங்களைத் துடைக்கிறேன் பேர்வழி என்று எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துடைப்பது சாக்கு, தேடுவதுதான் வேலை. ஏழாவது ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அது கிடைத்தது.

உள்ளங்கை அளவு படம். இளம் வயது அக்கா ஏதோ கடையின் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். எடுத்தவர் அத்தான்தான். ஆனால் அக்காவின் தோளுக்குப் பின்னால், அந்தக் கண்ணாடியில், கேமராவைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தபடி வாயெல்லாம் பல்லாக ஒரு ஆள் தெரிகிறார். அத்தானேதான்! தன்னையே எடுத்துக்கொண்டது தெரியாமல் எடுத்திருக்கிறார். தெரிந்திருந்தால் தும்மியிருப்பார்.

பட்டன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரே குறை, ஓரம் நாலும் பாழ். ஈரம் குடித்து, ஆல்பத்தின் பசை பிடித்து, தேநீர் கொட்டியதுபோல் பழுப்பேறிக் கிடந்தது. நடுவில் இரண்டு முகங்கள் மட்டும் தப்பித்திருந்தன.

'ஓரம் கிழிஞ்சா என்ன செய்வோம்? பார்டர் வச்சுத் தைப்போம்' என்று அவள் மனது உடனே கணக்குப் போட்டது. அங்கேயே எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்று சொல்லிவிட்டாள்.

"அக்கா, முப்பதாவது வருஷத்துக்கு உன் ஆணிக்கு வேலை வருது. எழுதி வச்சுக்கோ."

"என்னடி சொல்ற?"

"அன்னிக்குப் பாரு."

அக்கா நம்பாததுபோல் உதட்டைச் சுழித்தாள். ஆனால் மறுநாள் பட்டன் வந்தபோது ஆணியின் தூசு துடைத்திருந்தது. லேசாக எண்ணெயும் போட்டிருந்தது. பட்டன் அதைத் தொட்டுப் பார்த்தாள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இனிப் பின்வாங்க முடியாது.

படத்தை எடுத்துக்கொண்டு அச்சுக் கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரருக்கு 'சொன்னபடி' என்று பெயர். காரணம் இருந்தது. முன்பொரு காலத்தில் அவர் ரொம்ப அக்கறையான மனிதர். யாரோ ஒருவர் தன் பெயரை வித்தியாசமாக எழுதிக் கொடுக்க, பிழை என்று நினைத்து ஐந்நூறு அட்டையிலும் திருத்தி அச்சடித்துவிட்டார். வந்தவர் ஆடிய ஆட்டத்தில், அன்றோடு அக்கறையை மூட்டை கட்டிப் பரணில் போட்டார். 'சொன்னபடி செய்து தரப்படும்' என்று பெரிதாகப் பலகை எழுதி வைத்தார்.

"ஓரம் கெட்டுப்போச்சுண்ணா. சுத்தி ஒரு ஃபிரேம் மாதிரி போட்டு மறைச்சுத் தரீங்களா? பெருசா, சோபா அகலத்துக்கு வேணும்."

"என்ன மாதிரி ஃபிரேம்?"

"அழகா."

"அழகான்னா நான் ஒண்ணு நினைப்பேன், நீங்க ஒண்ணு நினைப்பீங்க. அந்த வம்பே வேண்டாம். ஃபிரேமை நீங்க கம்ப்யூட்டர்ல செஞ்சு கொண்டாங்க. நீங்க கொடுக்கிறதை நூல் பிசகாமப் போட்டுத் தர்றேன்."

நூல் பிசகாமல் என்றதும் தையல்காரிக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

இப்படித்தான் பட்டன் நூலகத்து மாடியில், சனிக்கிழமை காலை நடக்கும் கணினி வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். படங்களைத் திருத்தப் புதிதாகக் கற்கிறவர்களுக்கான வகுப்பு. நாலு சனிக்கிழமை. ஆறு பேர், ஆறு கணினி, ஒரு டீச்சர். டீச்சருக்கு இருபத்தாறு வயது இருக்கும். எதைச் சொன்னாலும் கடைசியில் "சிம்பிள்!" என்று முடிப்பாள். பட்டனுக்கு அடுத்த இருக்கையில் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர்.

"படத்துக்குச் சட்டம் போடறதுதான் பாடமாமே? நாப்பது வருஷம் சட்டம் படிச்சவன்மா நான்" என்று முதல் நாளே உட்கார்ந்தவர், மவுஸை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் அரை மணி நேரம் வாய்தா வாங்கினார்.

பட்டனுக்கோ எல்லாம் ஏற்கெனவே தெரிந்ததுபோல் இருந்தது.

டீச்சர் லேயர் என்றால் என்னவென்று படம் வரைந்து விளக்கத் தொடங்கினாள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு. மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும்.

"லைனிங் டீச்சர்" என்றாள் பட்டன். "மேல் துணி, உள் துணி. மேல் துணியில வெட்டு கொடுத்தா உள் துணி எட்டிப் பார்க்கும்."

டீச்சர் வரைவதை நிறுத்திவிட்டாள். "அதேதான்க்கா. சிம்பிள்!"

நடுவில் ஒரு சதுரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஒன்று ஊர்ந்தது. வக்கீல் பதறிக் கையை எடுத்தார். பட்டன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"ஓட்டுத் தையல்! இத்தனை வருஷமா நானும் தைக்கிறேன், பேருக்குத்தான் ஓட்டுத் தையல். இங்கதான் நிஜமாவே ஓடுது."

தவறு செய்தால் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்துங்கள், செய்தது இல்லை என்று ஆகிவிடும் என்றாள் டீச்சர். பட்டன் அழுத்தினாள். கடைசியாகப் பூசிய வண்ணம் மாயமாக மறைந்தது. அவள் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா? வாழ்நாளில் பாதியைத் தையல் பிரிப்பதில் கழித்தவள் அல்லவா?

"டீச்சர், பிரிச்ச இடத்துல ஊசி ஓட்டைகூடத் தெரியலை!"

"தெரியாதுக்கா."

"கையை உடைச்சுக்கிட்டு உக்காந்து பிரிச்சேனே எத்தனை வருஷம். இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லலை?"

இரண்டாவது வாரம் எல்லோரும் சட்டத்துக்கு வண்ணம் தேடினார்கள். பொன்னிறம், மரநிறம், பூ வேலை என்று டீச்சர் காட்டினாள். பட்டன் ஒரு துணிப் பையைத் திறந்தாள். உள்ளே வெட்டுத் துண்டுகள். அக்கா வீட்டுக்காக இத்தனை காலம் தைத்தவற்றில் மிஞ்சியவை. எதையும் எறிந்தவள் இல்லை. ஒவ்வொன்றையும் ஸ்கேன் இயந்திரத்தின் கண்ணாடிமேல் நீவி வைத்தாள். அக்கா வேலைக்குப் போன முதல் நாள் போட்ட மேல்சட்டையின் நீலம். பெரியவளின் பள்ளிச் சீருடைப் பச்சை. சின்னவன் தீபோல் எரிகிறது என்று போட மறுத்த சிவப்பு. பழைய ஜன்னல் திரையின் மஞ்சள் பூ. அத்தான் சட்டைப் பை ஒன்று, மை ஒழுகிய கறையோடு.

"கறையை எடுத்துடலாம்க்கா, சிம்பிள்."

"வேண்டாம் டீச்சர். அது அத்தான்."

துண்டுகளைத் திரையில் அடுக்கினாள், ஒட்டினாள், ஓரத்துக்கு நிழல் கொடுத்தாள். நிழல் விழுந்ததும் சட்டம் திரையிலிருந்து விரல் கனம் எழுந்து நின்றது. தையல் போட்டதுபோல் சின்னச் சின்னக் கோடுகள்கூட வைத்தாள். வகுப்பே எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தது. வக்கீல், "இதுக்கு மேல முறையீடே இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

"ஃபிரேம் தனி, படம் தனி" என்று டீச்சர் எல்லோருக்கும் சொன்னாள். "ரெண்டையும் தனித்தனியா சேவ் பண்ணுங்க. நடுவுல ஓட்டை மட்டும் சரியா இருந்தா, எந்தப் படத்தை அடியில வச்சாலும் பொருந்தும்."

கடைசி சனிக்கிழமை, ஓட்டை போடும் வேலை மிச்சமிருந்தது. பட்டன் நடுவில் ஓட்டுத் தையலை ஓடவிட்டாள். அழி என்ற விசையைத் தட்டினாள். நடுவிலிருந்த துணி போயிற்று.

போன இடத்தில், சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட துணி ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது.

பட்டன் திகைத்தாள். இப்படி ஒரு துணியை அவள் ஸ்கேன் செய்யவே இல்லை. மேசை விரிப்புக்குக்கூட ஆகாத சின்னக் கட்டம். யார் வைத்தது? எப்போது? மறுபடி அழித்துப் பார்த்தாள். கட்டம் அசையவில்லை. பிரித்துப் பார்த்தாள். பழைய துணி வந்தது. அழித்தாள். கட்டம் வந்தது.

டீச்சரைக் கூப்பிடலாம் என்றால், வக்கீல் தன் படத்தை எங்கோ சேமித்துவிட்டு எங்கே என்று மறந்து, ஆறு கணினியிலும் தேட வைத்திருந்தார். டீச்சர் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"பட்டன் அக்கா, ஓட்டை போட்டாச்சா?"

"போட்டாச்சு டீச்சர்."

"நடுவுல இருந்தது போயிடுச்சா?"

"அது போயிடுச்சு. ஆனா..."

"அவ்ளோதான்க்கா, சிம்பிள்! சேவ் பண்ணிடுங்க!"

பட்டன் யோசித்தாள். இப்படியே கொடுத்தால் அக்கா முகத்திலும் அத்தான் முகத்திலும் கட்டம் கட்டமாக விழுமே. கம்பிக்குப் பின்னால் நிற்கிற கைதிகள் மாதிரி ஆகிவிடுமே. காலியாக இருக்க வேண்டிய இடம் இது. காலி என்றால் என்ன? எழுதாத தாள் என்ன நிறம்? வெள்ளை. வெட்டாத காடாத் துணி? வெள்ளை. ஆக, வெள்ளை என்றால் காலி. வண்ணம் ஊற்றுகிற வாளிப் படத்தைத் தேடிப் பிடித்து, வெள்ளையைத் தேர்ந்து, கட்டத்தின்மேல் ஒரே ஊற்று. கட்டம் போன இடம் தெரியவில்லை. சலவைக்குப் போய் வந்ததுபோல் பளிச்சென்றிருந்தது.

டீச்சர் போகிற போக்கில் எட்டிப் பார்த்து, அடியில் வெள்ளைத் தாள் லேயர் இருப்பதாக நினைத்துக்கொண்டு, "சூப்பர்க்கா" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனாள். "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்துடணும் டீச்சர், நீங்க இல்லாம திறக்கமாட்டோம்" என்று பட்டன் அப்போதே அழைத்துவிட்டாள்.

சட்டத்தையும் படத்தையும் சொன்னபடியிடம் கொடுத்தாள். கூடவே கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு: 'படத்தை அடியில் வைக்கவும். ஃபிரேமை மேலே வைக்கவும். தடித்த அட்டையில் ஒட்டவும். வேறு எதையும் தொடவேண்டாம்.'

அடுத்த வெள்ளிக்கிழமை பிற்பகல் தையல் கடைக்குத் தொலைபேசி வந்தது. பட்டன் அப்போது ஒரு வாடிக்கைக்காரியின் கவுனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தாள். வாயில் ஆறு குண்டூசி. கருவியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"அச்சுக் கடையிலேர்ந்து பேசறேன்மா. நீங்க எழுதினபடி படத்தை அடியில வச்சுட்டேன்."

"ம்ம்."

"ஃபிரேமை மேல வச்சுட்டேன்."

"ம்ம்."

"நடுவுல வெள்ளையா இருக்கு."

பட்டனுக்குச் சட்டென்று அந்தக் கட்டம் நினைவுக்கு வந்தது. ஊசிகளுக்கு நடுவே, "கட்... கட்டம்?" என்றாள்.

"கட்டமெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா. சுத்த வெள்ளை. பளிச்சுனு இருக்கு."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"அப்படியே போடவா?"

"ம்ம்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்படியே போட்டுடவா?"

"ம்ம்ம்!" என்று ஊசி உதிர உதிரத் தலையை ஆட்டினாள். தொலைபேசியில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? ஆனாலும் ஆட்டினாள்.

"யாருங்க, இவ்வளவு சந்தோஷம்?" என்றாள் வாடிக்கைக்காரி, கையைத் தூக்கியபடியே.

பட்டன் ஊசிகளைத் துப்பினாள். "எங்க அக்காவோட ஆணிங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. அக்கா வீட்டுக் கூடத்தில் ஜன்னல் நிறைய வெயில். பிள்ளைகள், மருமகள், அக்கம்பக்கம் என்று இருபது பேர். அத்தான் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, வந்தவர் போனவரை எல்லாம் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். யாராவது, "நீங்களும் வந்து நில்லுங்க" என்றால் உடனே ஏதாவது கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போய்விடுவார்.

பழுப்புக் காகிதம் சுற்றிய பெரிய அட்டையைப் பட்டனும் டீச்சருமாகத் தூக்கிவந்தார்கள். சொன்னபடி கடையிலிருந்து இப்போதுதான் வருகிறது. பட்டன் பிரித்தே பார்க்கவில்லை. முதலில் பார்க்க வேண்டியவள் அக்கா.

"என்னடி இவ்வளவு பெருசு? கதவைப் பேத்துக்கிட்டு வந்துட்டியா?"

"பிரிக்கா."

அக்கா ஓரத்திலிருந்து கிழிக்கத் தொடங்கினாள். நீலம் தெரிந்தது. கை நின்றது.

"இது... நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்குப் போட்டதுடி. ஒரு கை நீளம், ஒரு கை குட்டையா தச்சியே!"

"அப்ப நான் கத்துக்குட்டிக்கா!"

பச்சை தெரிந்தது. "அம்மா, என் யூனிஃபார்ம்!" என்று பெரியவள் கத்தினாள். சிவப்பைப் பார்த்ததும், "இதை இன்னும் எரிக்கலையா சித்தி?" என்றான் சின்னவன். மஞ்சள் பூவைக் கண்டு பக்கத்து வீட்டுக்காரர், "உங்க ஜன்னல்!" என்றார். மைக்கறை வந்தபோது அத்தான் தன்னையறியாமல் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். கூடமே சிரிப்பாக இருந்தது. அக்கா மிச்சக் காகிதத்தை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

நடுவில் ஒன்றுமில்லை.

வெள்ளை. அவ்வளவு அழகான சட்டத்துக்கு நடுவே, அலம்பிவிட்டதுபோல் பளபளவென்று, மூன்றடிக்கு இரண்டடி வெள்ளை.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒரு சின்ன ஒட்டுச் சீட்டு: 'சொன்னபடி செய்யப்பட்டது.'

"ஃபிரேம் பிரமாதம்டி" என்றாள் அக்கா மெதுவாக. "நாங்க எங்க?"

பட்டன் வெள்ளையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். டீச்சர்தான் குனிந்து கேட்டாள்.

"அக்கா, அங்க சாம்பல் கலர்ல கட்டம் கட்டமா வந்திருக்குமே. அதை என்ன பண்ணீங்க?"

"வெளுத்துட்டேன் டீச்சர்."

"ஐயோ! கட்டம்னா காலிக்கா. அந்த இடத்துல ஒண்ணுமே இல்லைன்னு காட்டத்தான் அந்தக் கட்டம்."

"ஒண்ணும் இல்லைன்னு காட்ட எதுக்கு டீச்சர் ஒரு துணி? வெள்ளைன்னாதானே காலி?"

"வெள்ளைன்னா வெள்ளைக்கா. அடியில இருக்கிற படத்தை அது மறைச்சுடுச்சு." டீச்சர் உதட்டைக் கடித்தாள். "தப்பு என்னோடது. எனக்குப் பழகிப்போச்சு, உங்களுக்குச் சொல்லவே தோணலை." அன்று மட்டும் அவள் வாயில் சிம்பிள் வரவில்லை.

விஷயம் புரிந்ததும் முதலில் சிரித்தவள் அக்காதான். "முன்ன கைக்குட்டை பாதியை மறைச்சுது. இப்ப முழுசா மறைச்சாச்சு. பரவாயில்லடி, முப்பது வருஷம் காத்த ஆணிக்கு இன்னும் ரெண்டு நாள் காக்கத் தெரியாதா?" என்றாள். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்குகிற நேரத்தில், வழக்கம்போல், அவள் கண் ஒரு கணம் ஆணிக்குப் போய்த் திரும்பியது.

பட்டன் அதைப் பார்த்துவிட்டாள்.

பைக்குள் கையை விட்டாள். கறுப்புக் கைப்பிடிக் கத்தரிக்கோல் வெளியே வந்தது.

"ஏய்! பட்டன்!" அக்கா அலறினாள். "அது அட்டைடி! அந்தக் கத்தரியிலயா? முனை!"

"போகட்டும் முனை."

வெள்ளையின் நடுவில் குத்தி இறக்கினாள். தடித்த அட்டை கரகரவென்று முனகியது. ஒவ்வொரு வெட்டுக்கும் பட்டனின் முகம் தன் விரலே வெட்டுப்படுவதுபோல் சுருங்கியது. ஆனால் கை நிற்கவில்லை. மேல்பக்கம், வலப்பக்கம், அடிப்பக்கம், இடப்பக்கம். கடைசி மூலையில் மட்டும் முனை மழுங்கிக் கோடு கொஞ்சம் கோணியது. வெள்ளை அட்டை பொத்தென்று தரையில் விழுந்தது.

"இப்ப இருக்கு பாருங்க ஓட்டை" என்றாள், மூச்சு வாங்க. "இந்த மூலை கோணலா தெரியுது. அத்தான், கேமராவை இப்படிக் கொடுத்துட்டு ஃபிரேமைத் தூக்கிப் பிடிங்க, நான் தள்ளி நின்னு பாக்கறேன்."

அத்தானுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கேமராவைக் கழற்றிப் பட்டனிடம் நீட்டிவிட்டு, சட்டத்தை நெஞ்சுயரம் தூக்கிப் பிடித்தார். பிடித்தவர் பழக்கதோஷத்தில் ஓட்டை வழியாகப் பார்த்தார். நாள் முழுவதும் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கடிகாரத்துக்குள் பார்க்கிறவர். ஓர் ஓட்டை கிடைத்தால் பார்க்காமல் இருக்க முடியுமா? ஒரு கண்ணை மூடினார். இன்னொரு கண்ணால் கூடம் முழுவதையும் நிதானமாக அளந்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"அட. எல்லாரும் எவ்வளவு அழகா தெரியறீங்க!"

"அப்படி என்னதான் தெரியுது அங்க?" அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "எப்பப் பாரு ஒரு ஓட்டைக்குப் பின்னாடி போய் நின்னுக்கறீங்க. தள்ளுங்க, நானும் பாக்கறேன்."

அவளும் சட்டத்துக்குப் பின்னால் போய், அவர் தோளை இடித்து இடம் பிடித்து, தலையை நீட்டினாள். அத்தான் அவள் காதருகே, "பக்கத்து வீட்டுக்காரரைப் பாரு, வாயைத் திறந்துக்கிட்டு" என்றார். அக்கா பார்த்தாள். பார்த்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அத்தானும் சிரித்தார், வாயெல்லாம் பல்லாக. கடைக் கண்ணாடியில் சிரித்த அதே சிரிப்பு.

பட்டன் கையில் கேமராவோடு நின்றாள். அவளுக்குப் புரிந்தது. அத்தானுக்கு இன்னும் புரியவில்லை, தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று.

"டீச்சர்" என்று உதடு அசையாமல் கேட்டாள். "எந்தப் பட்டன்?"

"பட்டன் அக்காவுக்கே பட்டன் தெரியலையா?" டீச்சர் கிசுகிசுத்தாள். "மேல இருக்கே, பெருசா. சிம்பிள்."

பட்டன் அழுத்தினாள்.

அந்தச் சத்தம் கேட்டதும் அத்தானின் கண் விரிந்தது, மூக்கு சுருங்கியது, "ஆ... ஆ..." என்று முகம் மேலே போனது. தும்மல் ஜன்னல் கண்ணாடியைக் குலுக்கியது. ஆனால் இரண்டு நொடி தாமதம். இருபது பேரும் போட்ட கூச்சலில் அந்தத் தும்மல் எங்கே போனதென்றே தெரியவில்லை. அக்கா மட்டும் சட்டத்துக்குள்ளேயே நின்றுகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துட்டியாடி? நிஜமா எடுத்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சொன்னபடியிடம் இம்முறை பட்டன் நேரிலேயே போனாள், வாயில் ஊசி இல்லாமல். துணிச் சட்டத்துக்குள்ளிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்துச் சிரிக்கிற படம். கோணல் மூலை உட்பட எல்லாம் அதில் இருந்தது. "மூலையைக் கொஞ்சம் நேராக்கித் தரவா?" என்று அவர் தன்னை மறந்து கேட்டுவிட்டார். கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வேண்டாம்ணா. அதுல ஒரு கத்தரிக்கோலோட உயிர் இருக்கு" என்றாள் பட்டன்.

ஆணிக்கு வேலை வந்தது. கடைக் கண்ணாடிப் படமும் வீணாகவில்லை. பட்டன் கணினியில் அந்த வெள்ளையைத் துடைத்தெடுத்து, கட்டம் வந்ததும் பழைய சிநேகிதியைக் கண்டதுபோல் சந்தோஷப்பட்டு, படத்தை அடியில் வைத்துச் சின்ன அளவில் அச்செடுத்தாள். பெரிய படத்துக்குப் பக்கத்தில் அதுவும் தொங்குகிறது.

அடுத்த வகுப்புத் தொகுப்பு தொடங்கியபோது, அத்தானும் சேர வந்தார். அவர் போட்டிருந்தது பட்டன் புதிதாகத் தைத்துக் கொடுத்த சட்டை. சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டம்.

டீச்சர் பார்த்தாள். கையிலிருந்த மார்க்கர் கீழே விழுந்தது. "ஐயையோ, இவர் காலியா இருக்காரே!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பாடம் பிடிபடாமல் மறுபடி சேர்ந்திருந்த வக்கீல் எழுந்து, ஆள் ஆஜராகவில்லை என்று பதிவு செய்யச் சொன்னார்.

விளக்கம் கேட்டுக்கொண்ட அத்தானுக்கு ஒரே நிம்மதி.

"அப்ப இந்தச் சட்டை போட்டுக்கிட்டா நான் எந்தப் படத்துலயும் விழமாட்டேன், இல்லையா?"

"விழுவீங்க" என்றாள் பின்னாலேயே வந்த அக்கா, அவரை உள்ளே தள்ளி, அடுத்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே. "பக்கத்துல நான் உக்காரப் போறேன்."